முக்கியமான போட்டிக்கு டிக்கெட் விலையைக் குறைக்கலாமா?

சீசன் முடிய மூன்று வாரம் இருக்கிறது. கால்பந்து அணி ஒன்று லீக் பட்டியலின் அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரச் சனிக்கிழமை சொந்த மைதானத்தில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது ஏறக்குறைய உறுதி. 20,000 பேர் உட்காரக்கூடிய மைதானத்துக்குப் போன ஆட்டத்தில் வந்தவர்கள் 11,000 பேர். கிளப் அலுவலகத்தில் ஒருவர் கேட்கிறார்: “டிக்கெட் விலையைக் குறைத்துப் பார்க்கலாமா?” கணக்குப் பார்ப்பவர் உடனே தலையாட்டி மறுக்கிறார்: “இந்த ஆட்டத்துக்குத்தான் நாலு பேர் கூடுதலாக வருவார்கள். இதற்குப் போய்க் குறைப்பதா?”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைக்கலாம், ஆனால் எல்லா முக்கியப் போட்டிக்கும் அல்ல, எல்லோருக்கும் அல்ல.

‘முக்கியம்’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு வகை ஆட்டங்களுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று, ரசிகர்கள் தேடி வரும் ஆட்டம்: பக்கத்து ஊர் அணியுடன் டெர்பி, கோப்பை அரையிறுதி, பட்டத்தை முடிவு செய்யும் கடைசி நாள். மைதானம் எப்படியும் நிரம்பிவிடும். டிக்கெட் கிடைக்காமல் வெளியே ஏங்குகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று, கிளப்புக்கு ரசிகர்கள் தேவைப்படும் ஆட்டம்: கீழே இறங்காமல் தப்பிக்கப் போராடும் ஆட்டம், பிளே-ஆஃப் இடத்தை எட்டிப் பிடிக்க வேண்டிய வார நாள் இரவு ஆட்டம். புள்ளிக் கணக்கில் இவையும் அதே அளவு முக்கியம்தான். ஆனால் எதிரணிக்குப் பெயர் இல்லை, சொந்த அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, இருக்கைகள் காற்று வாங்குகின்றன.

முதல் வகையில் விலையைக் குறைத்தால் ஒரு ஆள்கூடக் கூடுதலாக வர முடியாது, இடமே இல்லை. தள்ளுபடி பற்றிய பேச்சுக்கு இரண்டாம் வகையில்தான் பொருள் இருக்கிறது.

கூட்டம் வந்தால் அணிக்கு என்ன லாபம்?

தள்ளுபடி கேட்பவர்களின் அடிப்படை வாதம் இது: நிறைந்த மைதானம் புள்ளிகளைப் பெற்றுத் தரும். இது வெறும் ஆசையா, உண்மையா என்று பார்க்க 2020 நல்ல வாய்ப்பாக அமைந்தது. கொரோனா இடைவேளைக்குப் பிறகு மே மாதம் ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான புண்டஸ்லிகா காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியது. முதல் சுற்றில் ஒன்பது ஆட்டங்கள். சொந்த மைதானத்தில் வென்ற அணி ஒன்றே ஒன்று, ஷால்கேயை 4-0 என வீழ்த்திய டார்ட்மண்ட். அந்த மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் வழக்கமாக ஏறக்குறைய 25,000 பேர் நின்றபடி பாடுவார்கள். அன்று ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் அந்த வெறும் படிக்கட்டுகளுக்கு முன்னால் போய், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு வரிசையாக நின்று, இல்லாத கூட்டத்தோடு வெற்றியைக் கொண்டாடினார்கள்.

ஒரு வாரத்து முடிவை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பல நாடுகளின் லீக் ஆட்டங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் கை காட்டினார்கள்: சொந்த மைதானத்தில் ஆடுவதால் கிடைக்கும் அனுகூலம் சுருங்கியது, வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன. கூட்டத்தின் சத்தம் வீரர்களைவிட நடுவர் காதில் அதிகம் விழுகிறதோ என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஆனாலும் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காலி மைதானத்துக்கும் நிறைந்த மைதானத்துக்கும் உள்ள வித்தியாசம் வேறு, 11,000 பேருக்கும் 16,000 பேருக்கும் உள்ள வித்தியாசம் வேறு. அப்புறம், நிறைந்த மைதானம் வெற்றிக்கு உத்தரவாதமும் இல்லை. 2024 மே மாதம் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் இருந்த ஃபோர்ச்சூனா டுசல்டார்ஃப் அணி மேல் பிரிவுக்குப் போவதற்கான பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில், எதிரணியான போகும் (Bochum) கிளப்பின் மைதானத்திலேயே 3-0 என வென்றது. இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில். அதில் அதே 0-3 கணக்கில் தோற்று, பெனால்டியிலும் தோற்று, கையில் கிடைத்ததை நழுவவிட்டது. அன்று கத்த ஆள் இல்லாமல் போனதால் தோற்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே, புள்ளி கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் விலையைக் குறைக்கக் கூடாது. பணக் கணக்கும் மனக் கணக்கும் ஒத்துவந்தால், புள்ளி கிடைக்கும் வாய்ப்பை மேல்வரவாக வைத்துக்கொள்ளலாம்.

விலையை ஏற்றுவது

கிளப்புகள் வழக்கமாகச் செய்வது இதுதான். ஆட்டங்களை ஏ, பி, சி என்று வகை பிரித்து, பெரிய அணி வந்தால் விலையை ஏற்றுவார்கள். வணிகமாகப் பார்த்தால் தவறு சொல்ல முடியாது. ஆனால் கால்பந்து ரசிகர் மற்ற வாடிக்கையாளர்களைப் போன்றவர் அல்ல. இந்தக் கடை சரியில்லை என்று அடுத்த கடைக்கு அவரால் போக முடியாது. போக வழியில்லாதவரிடம், ரொம்பவும் தேவைப்படும் நேரத்தில் விலையை ஏற்றினால் அது எரிகிற வீட்டில் பிடுங்கின கணக்காகத்தான் அவருக்குத் தெரியும்.

2016 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் நிர்வாகம் அடுத்த சீசனில் மிக உயர்ந்த டிக்கெட்டின் விலை 77 பவுண்டு என்று அறிவித்தது. அடுத்து சண்டர்லாண்டுடன் சொந்த மைதானத்தில் ஆட்டம். லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. சரியாக 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியை விட்டுவிட்டு, படிகளில் வரிசையாக இறங்கிப் போனார்கள். மீதியிருந்த நிமிடங்களில் சண்டர்லாண்டு இரண்டு கோல் போட்டது. ஆட்டம் 2-2. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைக் கைவிட்டு, 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள்.

அந்தக் கூட்டம் வெளியேறியதால்தான் கோல் விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கூடுதல் விலையால் வரவிருந்த பணத்தைவிட அந்தப் பத்து, பதினைந்து நிமிடக் காட்சி கிளப்புக்கு வைத்த செலவு பெரியது என்றுதான் நினைக்கிறேன். மைதானம் எப்படியும் நிரம்பும் ஆட்டத்துக்கு என் பரிந்துரை ஒன்றே ஒன்று: குறைக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். வழக்கமான விலைக்கே விற்று, சீசன் முழுக்க வந்தவர்களுக்கு முதல் உரிமை கொடுத்து, மீதியைக் குலுக்கலில் விடுவதே நல்லது.

நிரம்பும் ஆட்டத்துக்கு விலையைப் பெரிதாகக் குறைத்தால் ஆதாயம் போகிற இடம் வேறு. குறைந்த விலைக்கு வாங்கி பிளாக்கில் விற்பவருக்குத்தான் அந்த வித்தியாசம் போய்ச் சேரும். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994-லிருந்தே சட்டப்படி குற்றம். அப்படியும் அது ஒழியவில்லை. ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏ 2022-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு வந்த ஒவ்வொரு கிளப்பின் ரசிகர்களுக்கும் 5,000 டிக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. அவற்றைப் பொதுவில் வீசவில்லை. கிளப்புகள் வழியாக, விசுவாசமான ரசிகர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு கொடுத்தது. நிரம்பும் ஆட்டத்தில் சலுகை என்றால் அது ஆள் சேர்ப்பதற்காக அல்ல, நன்றி சொல்வதற்காக. அதை அப்படியே வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் நல்லது.

எல்லோருக்கும் குறைப்பது

இப்போது காலி இருக்கை ஆட்டத்துக்கு வருவோம். முதலில் சொன்ன மைதானத்தையே எடுத்துக்கொண்டு கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். வந்த 11,000 பேரில் 7,000 பேர் சீசன் டிக்கெட்காரர்கள், சீசனின் சொந்த மைதான லீக் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணத்தை எப்போதோ கட்டிவிட்டார்கள். அன்றன்று வாங்கி வந்தவர்கள் 4,000 பேர். டிக்கெட் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வரவு 4,00,000.

விலையை 60 ஆக்கினால் அதே வரவுக்கு 6,667 பேர் வாங்க வேண்டும். அதாவது கூடுதலாக 2,667 பேர். “நாற்பது சதவீதம் குறைத்தால் கூட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக வேண்டுமே, 11,000 பேர் 18,000 ஆவது நடக்கிற காரியமா” என்று சிலர் பயப்படுவார்கள். அந்தக் கணக்கு தப்பு. தள்ளுபடியால் குறைவது அன்று டிக்கெட் வாங்குகிற 4,000 பேரின் பணம் மட்டும்தான். சீசன் டிக்கெட்காரர்கள் அதிகமாக உள்ள கிளப்புக்குத் தள்ளுபடி, பார்ப்பதைவிட மலிவானது.

ஆனால் கணக்குப் பார்ப்பவர் சொன்னது இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. இது முக்கியமான ஆட்டம். தள்ளுபடி இல்லாமலே 4,000-க்குப் பதில் 5,500 பேர் வரக்கூடும். அப்படியானால் ஒப்பிட வேண்டியது போன ஆட்டத்தோடு அல்ல, விலையைத் தொடாமல் விட்டிருந்தால் இந்த ஆட்டத்துக்கு வந்திருக்கக்கூடிய கூட்டத்தோடு. 5,500 பேர் தரும் 5,50,000-ஐ 60 விலையில் எடுக்க 9,167 பேர் வேண்டும். அது கொஞ்சம் எட்டாத தூரம். தள்ளுபடியில் மைதானம் நிறைந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, முழு விலைக்கு வரத் தயாராக இருந்தவர்களுக்கும் சேர்த்துக் குறைத்ததை மறந்துவிடும் கிளப்புகள் இந்த இடத்தில்தான் ஏமாறுகின்றன.

உள்ளே வந்தவர் சாப்பிடுவார், குடிப்பார், சட்டையோ துண்டோ வாங்குவார், அந்த வரவும் உண்டு. அதனால்தான் கிளப்புகள் பொதுவாக டிக்கெட்டில் மட்டும் கறக்கக்கூடிய உச்ச விலையைவிடக் கீழேயே விலை வைக்கின்றன என்று இந்தத் துறையை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மறுபக்கம் செலவும் ஏறும். பூட்டியிருந்த மேல் ஸ்டாண்டைத் திறந்தால் வாசலுக்கு ஆள், பாதுகாப்புக்கு ஆள், மறுநாள் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும்.

எல்லோருக்கும் குறைப்பதில் பலரும் யோசிக்காத ஆபத்து இன்னொன்று இருக்கிறது. மலிவாகப் பொதுவில் விற்கும் டிக்கெட்டை யார் வாங்குகிறார்கள் என்று தெரியாது. எதிரணிக்கும் அது வாழ்வா சாவா ஆட்டம் என்றால், தங்களுக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்ததும் அவர்களுடைய ரசிகர்கள் இந்தப் பக்கத்து இருக்கைகளை வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். சொந்த அணிக்குச் சத்தம் கூட்டப் போய், எதிரணி கோல் போடும்போது நடு ஸ்டாண்டில் நூறு பேர் எழுந்து குதித்தால், அடுத்து நடப்பது நல்லதாக இருக்காது.

சீசன் டிக்கெட்காரரின் வயிற்றெரிச்சல்

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரே இருக்கையில் பல வருடமாக உட்காரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சீசன் தொடங்கும் முன்பே மொத்தப் பணத்தையும் கட்டியவர். குளிர்கால இரவில், மழைச் சாரலில், கோலே விழாத ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர். அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றபோதும் அவர் இருக்கை காலியாக இல்லை. இப்போது கடைசி ஆட்டத்துக்கு, அவர் ஆட்டத்துக்கு ஆட்டம் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்கிறார். அவர் வந்தவர் மேல் கோபப்பட மாட்டார், கிளப் மேல்தான் கோபப்படுவார். அடுத்த வருடம் சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் படிவம் வரும்போது கை தயங்கும். “கடைசியில் எப்படியும் குறைப்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற யோசனை அவருக்கும் வரும்.

அவசரத் தள்ளுபடியின் உண்மையான விலை இதுதான். ஒரு ஆட்டத்து வரவுக் கணக்கில் அது தெரியாது, அடுத்த சீசனில்தான் தெரியும்.

நேரத்துக்கு நேரம் விலையை மாற்றும் முறையிலும் இதே நோய் பெரிதாக இருக்கிறது. 2025-ல் நடந்த ஃபிஃபா கிளப் உலகக் கோப்பையில் செல்சி, ஃப்ளுமினென்ஸ் அணிகள் மோதிய அரையிறுதிக்குச் சாதாரண டிக்கெட்டின் விலை 473.90 டாலரிலிருந்து 13.40 டாலருக்கு இறங்கியது. உலகக் கோப்பை என்ற பெயருள்ள போட்டியின் அரையிறுதி! முன்கூட்டியே நம்பி வாங்கியவர் முட்டாளானார், காத்திருந்தவர் கெட்டிக்காரரானார். ஒரு கிளப் தன் ரசிகர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இதுவல்ல. விமான டிக்கெட்டுக்குப் பொருந்துவது, ஒவ்வொரு வாரமும் அதே முகங்கள் திரும்பி வர வேண்டிய இடத்துக்குப் பொருந்தாது.

இலவசமாகவே விட்டால்?

டுசல்டார்ஃப் இதையும் செய்து பார்த்தது. 2023-24 சீசனில் சில சொந்த மைதான ஆட்டங்களுக்கு எல்லா டிக்கெட்டும் இலவசம், விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் மூலம் தேர்வு. முதல் ஆட்டம் 2023 அக்டோபரில் கைசர்ஸ்லாட்டர்னுடன். இருக்கைகளைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. 0-3 எனப் பின்தங்கிய டுசல்டார்ஃப் 4-3 என வென்றது. பார்க்கப் போனவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் ஆட்டம்.

ஆனால் அதன் பின்னால் பெரிய நிறுவனங்கள் பல வருடங்களுக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டிருந்தன. எந்தெந்த ஆட்டம் என்பதும் திட்டமிட்டு முடிவானது. தப்பிக்கும் போராட்டத்தில் மூன்று நாள் முன்னால் “இலவசம்” என்று அறிவிப்பது இதோடு சேர்த்தி இல்லை. பணம் கொடுக்காத டிக்கெட்டுக்கு மழை பெய்தால் ஆள் வர மாட்டார். சும்மா கிடைத்ததை வீட்டில் போட்டுவிடுவது மனித இயல்பு. சிறு தொகையாவது வாங்குவது நல்லது, வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஓரளவு நம்பலாம்.

எனக்குச் சரியாகப்படுவது

சீசன் டிக்கெட்காரர் ஒவ்வொருவரும் ஒரு ஆளைப் பாதி விலையில் அழைத்து வரலாம் என்பதே எனக்கு மிகவும் பிடித்த வழி. கணக்கையே பாருங்கள். 7,000 பேரில் மூன்றில் ஒருவர் பயன்படுத்தினால் சுமார் 2,300 பேர் வருவார்கள். அவர்களில் 800 பேர் எப்படியும் முழு விலை கொடுத்து வந்திருப்பார்கள் என்று வைத்தால், அதில் 40,000 நஷ்டம். மீதி 1,500 புதியவர்கள் 50 வீதம் 75,000 தருவார்கள். மொத்தத்தில் 35,000 லாபம், 1,500 முகங்கள் கூடுதல். விலையை எல்லோருக்கும் குறைத்தபோது எட்டாமல் நின்ற கணக்கு இங்கே சிரமமில்லாமல் தேறுகிறது.

அதைவிட முக்கியம், சலுகை கொடுப்பவராக அந்தப் பழைய ரசிகரே ஆகிவிடுகிறார். வயிற்றெரிச்சல் பெருமையாக மாறுகிறது. அழைத்து வரப்பட்டவர் எதிரணி ஆளாக இருக்க வாய்ப்புக் குறைவு. எங்கே கை தட்ட வேண்டும், எந்தப் பாட்டு எப்போது தொடங்கும் என்று சொல்லித்தர பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். தங்கை மகனோ, வேலையிடத்து நண்பரோ, அந்த ஒரு ஆட்டம் மனதில் ஒட்டிக்கொண்டால் அடுத்த வருடம் தானே டிக்கெட் வாங்குவார்.

வருடம் முழுக்க விலையைக் குறைவாக வைத்துக்கொள்வது இன்னும் துணிச்சலான வழி. இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவில் இருந்த பிராட்ஃபோர்டு சிட்டி 2015-ல் பெரியவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 149 பவுண்டுக்கு விற்றது. 23 லீக் ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஆறரைப் பவுண்டுகூட ஆகவில்லை. 18,000-க்கும் மேல் விற்றன. முக்கியமான ஆட்டம் எது, தள்ளுபடி எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழாது, ஏனென்றால் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். பெரிய மைதானமும் சின்ன வரவும் உள்ள கிளப்புகள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஆனால் சீசன் நடுவில் மாட்டிக்கொண்ட கிளப்புக்கு இது உதவாது.

வெளியூர் ரசிகர்களையும் மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்து பிரீமியர் லீக் 2016-17 சீசனிலிருந்து அவர்களுடைய டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அப்படி வரம்பு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2019 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியே போதும். பார்சிலோனா கிளப் தன் மைதானத்துக்கு வரும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களிடம் 102 பவுண்டு கேட்டது. யுனைடெட்டும் பதிலுக்கு பார்சிலோனா ரசிகர்களிடம் அதே விலை வாங்கி, கிடைத்த கூடுதல் பணத்தில் தன் ரசிகர்களின் பயண ஆட்டத்துக்கான டிக்கெட்டை 75 பவுண்டாகக் குறைத்தது. தன் ஆட்களுக்கு உதவியது நல்லதுதான், ஆனால் அந்தப் பணம் இன்னொரு ஊரின் சாதாரண ரசிகர் பையிலிருந்து வந்தது.

சரி, அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு என்னிடம் கேட்டால் இப்படிச் செய்வேன். பொது விற்பனை விலையைத் தொட மாட்டேன். சீசன் டிக்கெட்காரருக்கு ஒரு துணை டிக்கெட் பாதி விலையில், ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அறிவித்துவிடுவேன். அந்த விலை எக்காரணம் கொண்டும் சீசன் டிக்கெட்டின் ஒரு ஆட்டப் பங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன். அப்புறம், துணைக்கு வருகிறவர்களை 20,000 இருக்கைகளிலும் அங்கொருவர் இங்கொருவராகத் தூவ மாட்டேன். எந்தப் பக்கத்தில் கோல் வாங்கினாலும் வாயை மூடாமல் பாடுகிற கூட்டம் இருக்கிறதோ, அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற காலி வரிசைகளை முதலில் திறப்பேன். அழைத்து வந்தவருக்கும் தன் பழைய இருக்கையை விட்டு அன்றைக்கு அங்கே வந்து உட்கார அனுமதி கொடுப்பேன்.